மயில் மேய்ந்த தோட்டம்

சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வேலையில் இருந்தவரை பேசின் பிரிட்ஜில் கடைசிப் பெட்டியில் ஏறி உட்கார்ந்தால், தண்டவாளத்தின் இரு பக்கமும் அடுத்தவர்கள் போட்டிருக்கும் கத்திரியையும் வெண்டையையும் பார்த்துக்கொண்டே போவேன். நிலக்கரி வண்டிக்கு எந்த ஊரிலும் மரியாதை கிடையாது. எல்லா வண்டியையும் அனுப்பிவிட்டுத்தான் எங்களுக்குப் பச்சை விளக்கு போடுவார்கள். அப்படிக் காத்துக் கிடந்த நேரங்களில் ஒரு தக்காளி பூ விட்டு, பிஞ்சாகி, பழுத்து, யாரோ பறித்துக்கொண்டு போகிற வரைக்கும் பார்த்திருக்கிறேன் என்று சொன்னால் என் மனைவி நம்பமாட்டாள். அப்போதே முடிவு செய்திருந்தேன், ரிட்டயர் ஆனதும் தோட்டம்தான் என்று.

எண்ணூரில் எங்கள் வீடு தெருவின் கடைசியில் இருக்கிறது. பின்பக்க மதிலுக்கு அந்தப் பக்கம் வேலிகாத்தான் முள்காடு, அதையும் தாண்டினால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குட்டை. வீட்டுக்குப் பின்னால் ஒரு லாரி நிறுத்துகிற அளவுக்கு இடம் உண்டு. அதில் இருந்ததை மண் என்று சொல்ல முடியாது. சாம்பல், கிளிஞ்சல், உடைந்த செங்கல், யாரோ எப்போதோ தொலைத்த ஒற்றைச் செருப்பு. எல்லாவற்றையும் வாரிக் கொட்டிவிட்டு மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து டிராக்டரில் செம்மண் கொண்டுவந்து நிரப்பினேன்.

என் மனைவி ராயபுரத்துக்காரி. அவள் பிறந்த வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். மீனைத் தவிர மற்றதெல்லாம் கடையில் வாங்குவதற்காகவே கர்த்தர் படைத்தார் என்பது அவர்கள் நம்பிக்கை.

"இன்னாங்க, ஒரு கத்திரிக்காய்க்கா இம்மாம் பேஜாரு? மார்க்கெட்ல மலை மாரி குவிச்சி வெச்சிகீறான்" என்றாள்.

"அது வேற, இது வேற. இது நம்ம வூட்டுக் கத்திரிக்கா."

"கொயம்புல போட்டா ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாற்று நட்டேன். தக்காளி, கத்திரி, பச்சைமிளகாய், ஓரமாக ஒரு பாத்தி முளைக்கீரை. கீரை விரல் உயரம் வந்த வாரத்தில் ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், யாரோ கத்தரிக்கோல் கொண்டு முடி வெட்டிவிட்டது மாதிரி இருந்தது. தக்காளி நாற்றுகளுக்குத் தலையே இல்லை. பெருச்சாளி என்று நினைத்தேன். கூண்டு வாங்கி, மசால்வடை வைத்தேன். வடையைக் காக்கை தின்றது. அடுத்த நாள் வேறு வடை வைத்தேன். அதே காக்கை தன் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வந்தது.

மூன்றாவது வடை வைக்கலாமா என்று யோசித்தபடி காலையில் பல் துலக்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். கீரைப் பாத்திக்கு நடுவில் நீலக் கழுத்தோடு ஒரு மயில் நின்றுகொண்டிருந்தது. தோகை பின்னால் மிளகாய்ச் செடி வரைக்கும் நீண்டு கிடந்தது. அதன் அலகில் என்னுடைய தக்காளி நாற்று. என்னைப் பார்த்துக்கொண்டே விழுங்கியது. தொண்டை வழியாக அந்த நாற்று கீழே இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன்.

எண்ணூரில் மயில் இருக்குமா என்று கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். அனல்மின் நிலையத்துப் பக்கம் வேலிகாத்தான் காட்டில் கொஞ்ச வருஷமாகவே இருப்பதாகப் பிறகுதான் சொன்னார்கள். என் தோட்டத்துக்கு முன்னால் அவற்றுக்குச் சரியான ஓட்டல் இல்லாததால் தெருப்பக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

"ஹோய்!" என்றேன். வாயில் இருந்த பற்பசை தெறித்தது. மயில் ஓர் அடி தள்ளி நின்று கத்திரியில் ஆரம்பித்தது.

உள்ளே ஓடி, பெட்டியில் வைத்திருந்த என் பழைய சிவப்புக் கொடியை எடுத்துவந்து ஆட்டினேன். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தக் கொடியைக் காட்டி எத்தனையோ வண்டிகளை நிறுத்தியிருக்கிறேன். முருகன் வண்டி மட்டும் நிற்கவில்லை. விசிலை எடுத்து ஊதினேன். மயில் கழுத்தை நீட்டிப் பதிலுக்குக் கத்தியது. மயில் அகவும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். ஏதோ இனிமையான சமாச்சாரம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பிரேக் சிக்கிய வேகன் தண்டவாளத்தில் தேய்கிற சத்தம் அது. நான் ஊத, அது கத்த, நான் மறுபடி ஊத, தெருவில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது.

பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். மிளகாய்ப்பொடி, மசாலாப்பொடி அரைத்து விற்கிறவர். என்னை அண்ணாத்தே என்று கூப்பிடுவார். முருகன் என்றால் அவருக்கு உயிர். வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போவார். முட்டி வலி வந்தபிறகு போக முடியவில்லை.

"இன்னா அண்ணாத்தே காலாங்காத்தால பீப்பீ ஊதிகினு கீற..." என்று ஆரம்பித்தவர், மயிலைப் பார்த்ததும் அப்படியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முருகா! நான் வர முடியாம குந்திகினு கீறேன்னு வண்டிய அனுப்பிட்டியாப்பா?"

"எம்மா, அது என் தக்காளிய துன்னுகினு கீது."

"துன்னட்டும் வுடு. குட்த்து வெச்ச ஆளு நீ. சாமி வாகனம் வந்து துன்ற தோட்டம் எவனுக்குக் கீது?"

"நான் வேதக்காரன்மா."

"அத்த மயிலு பாக்காது அண்ணாத்தே. அது எல்லாருக்கும் பொதுவு."

அன்றைக்கே மதில் மேல் ஒரு கிண்ணத்தில் பச்சரிசியும் வெல்லமும் வைத்தார். காலையில் கற்பூரத் தட்டோடு காத்திருக்கவும் ஆரம்பித்தார். மயில் மதிலில் இறங்கி அரிசியைச் சாப்பிடும். பிறகு காய்கறிக்கு என் பக்கம் குதிக்கும். அந்த அம்மா சோறு போட, நான் கூட்டு போட, மயிலுக்கு நல்ல பந்தி நடந்தது.

வண்ணாரப்பேட்டையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பாய் எனக்கு நெடுநாள் சிநேகிதர். ஊரில் எந்த வீட்டுக் கஷ்டத்துக்கும் அவர் கடையில் ஒரு மருந்து இருக்கும் என்பது அவர் கட்சி. போனில் சொன்னதுமே ஸ்கூட்டரில் வந்துவிட்டார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார், மயில் விட்டுவைத்த காம்புகளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"கல்லு கில்லு வுட்டுடாத தோஸ்து. தேசியப் பறவ. கைய வெச்சா உன்னிய உள்ள தள்ளிடுவானுங்க."

"அப்ப இன்னா பாய் பண்றது?"

"பயம் காட்டணும். ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு பயம் கீது. எனக்கு என் பொண்டாட்டி. மயிலுக்கு இன்னொரு மயிலு. நான் இட்டாறேன் பாரு."

மறுநாள் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஒரு பீரோ கதவு வந்து இறங்கியது. பீரோ இல்லை, கதவு மட்டும். ஆள் உயரத்துக்குக் கண்ணாடி பதித்தது. ஏதோ பழைய கல்யாணச் சீர் பீரோ போல. கண்ணாடியின் நெற்றியில் 'நல்வரவு' என்று ரோஜாப்பூக்களோடு எழுதியிருந்தது. அதைத் தக்காளிப் பாத்தியின் தலைமாட்டில் மதிலோடு சாய்த்து நிறுத்தினோம்.

"பார்த்த ஒடனே மெர்சலாயி ஓடிடும்" என்றார் பாய்.

"நல்வரவுன்னு போட்டுகீது பாய்."

"அதுக்குப் படிக்கத் தெரியுமா இன்னா?"

மயில் வந்தது. கீரைப் பாத்தியிலிருந்து தலையைத் தூக்கியது. கண்ணாடியைப் பார்த்தது. கண்ணாடியில் இருந்ததும் பார்த்தது. நானும் பாயும் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றோம். மயில் இரண்டு அடி முன்னால் போய், உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பித் தோகையை விரித்தது.

உள்ளதைச் சொல்லவேண்டும். அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. அந்த இடத்தில் நீலமும் பச்சையும் அவ்வளவு பெரிதாக எழுந்து நின்றதும் எனக்குத் தக்காளி மறந்துபோனது. என் மனைவி வாணலியை அடுப்பில் விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"ஐய, இன்னா அயகு பாருங்க" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

அந்த அழகோடு மயில் சுற்றிச் சுற்றி ஆடியது. ஆடியது முழுக்கத் தக்காளிப் பாத்தி மேல். அது ஓய்ந்தபோது பாத்தியில் அம்மி வைத்து அரைத்த மாதிரி இருந்தது. உள்ளே கடுகு கருகிப் புகை வந்துகொண்டிருந்தது.

"ஓடல பாய்."

"ஆம்பள மயிலுப்பா அது" என்றார் பாய் யோசனையாக. "கண்ணாடியில கீறது பொட்டைன்னு நெனச்சிகீது போல."

"கண்ணாடியில கீறதுக்கும் தோகை கீதே?"

"அத்தெல்லாம் ஆசையில கண்ணுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். கதவை எடுத்துக்கொண்டு போகவில்லை.

அதற்குப் பிறகு மயில் தினமும் கண்ணாடிக்கு வந்தது. ஆடிக் கிருத்திகையும் வந்தது. பக்கத்து வீட்டு அம்மா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் மஞ்சள் புடவைகள். கையில் பால் சொம்பு, தேங்காய், வாழைப்பழம். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு என் வீட்டுக் கூடத்தின் வழியாக, இயேசு படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பின்பக்கம் போனார்கள். ஒருவர் என் மனைவியிடம், "சீக்கிரம் ஆடுமா, எனுக்கு டூட்டிக்கு நேரமாவுது" என்று கேட்டார். என் மனைவி, சினிமாக் கொட்டகை ஆள் மாதிரி, "ஏயரைக்கு மேலதான்" என்று பதில் சொன்னாள்.

மயில் அன்றைக்கு ரொம்ப நேரம் ஆடியது. அரோகரா என்று சத்தம் எழும்பியபோது நானும் பழக்க தோஷத்தில் ஆமென் என்று சொல்லிவிட்டேன். கத்திரிப் பாத்தியில் தேங்காய் உடைத்தார்கள். மிளகாய்ச் செடிக்குப் பால் ஊற்றினார்கள். கூட்டம் கலைந்தபிறகு தோட்டத்தில் நின்றிருந்தது பீரோ கதவு மட்டும்தான். அதற்கும் யாரோ குங்குமம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அன்று மத்தியானம் வாழைப்பழமும் தேங்காய் மூடியும் சாப்பிட்டுவிட்டு மனைவி சொன்னாள்: "தோட்டம் போட்ட நாள்லேந்து இன்னிக்கிதான் அதுலேர்ந்து துன்றதுக்கு எதுனா கெட்ச்சிது."

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று இருந்தது. மறுபடி நாற்று நட்டேன். இந்தமுறை மனைவியின் அண்ணனிடம் கேட்டு, காசிமேட்டிலிருந்து ஒரு பழைய மீன்வலை வாங்கிவந்தேன். வஞ்சிரம் தப்பாத வலை, மயிலா தப்பும் என்றார் மச்சான். மூங்கில் கழிகளை நட்டு, வலையைப் பாத்திகளுக்கு மேல் பந்தல் மாதிரி விரிக்க வேண்டும். தனியாகவே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

மீன்வலையில் கை வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அது எனக்குத் தெரியாது. முதலில் சட்டைப் பொத்தான் மாட்டியது. அதை எடுக்கப் போனபோது கைக்கடிகாரம் மாட்டியது. கடிகாரத்தை எடுக்கத் திரும்பியபோது மூக்குக்கண்ணாடி. பிறகு ஒரு மூங்கில் சாய்ந்து, மிச்ச வலை மொத்தமும் என் தலைமேல் விழுந்தது. உட்கார்ந்தேன். அது பெரிய தவறு. எழுந்திருக்க முடியவில்லை.

மயில் அந்த நேரம் பார்த்து மதிலில் வந்து உட்கார்ந்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்து என்னைப் பார்த்தது, பிறகு மறுபக்கம் சாய்த்துப் பார்த்தது. கீழே குதித்து, என் முழங்காலுக்குப் பக்கத்தில், வலைக்கு வெளியே இருந்த நாற்றை ஒவ்வொன்றாகக் கிள்ளியது. நான் வாயால் மட்டும் விரட்டினேன். அப்போது பக்கத்து வீட்டுத் தலை தெரிந்தது.

"அண்ணாத்தே! இன்னா இது, கருவாட்டுக்குக் காய வெச்ச மாரி கெடக்குற?"

"எம்மா, என் வூட்டுக்காரிய கூப்புடும்மா."

"மயிலுக்கு வலை வெச்சியா? முருகர் பாத்துகினுதான் கீறாரு பாத்தியா" என்றார். ஆனாலும் நல்ல மனசு. உடனே குரல் கொடுத்தார். என் மனைவி கத்தியோடு வந்தாள். வலையை அறுக்க வேண்டாம், சட்டையை அறுத்துக்கொள் என்றேன். அவள் ஒன்றையும் அறுக்கவில்லை. கட்டம் கட்டமாக விரலால் பிரித்துப் பிரித்து என்னை வெளியே எடுத்தாள். மீன்காரர் வீட்டுப் பெண்ணின் கை அது. கடைசியில் மூக்குக்கண்ணாடியை என் மூக்கில் மாட்டிவிட்டு, "நல்ல சைஸு. ஆனா ருசி இருக்காது" என்றாள். பக்கத்து வீட்டு அம்மா சிரித்த சிரிப்பில் மதிலில் இருந்த அரிசிக் கிண்ணம் உருண்டு விழுந்தது.

புரட்டாசியில் மயிலின் தோகை உதிர ஆரம்பித்தது. வருஷா வருஷம் அப்படித்தான் உதிருமாம். எங்கள் யாருக்கும் தெரியாது. தோட்டத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாக இறகு கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மா பக்தியோடு பொறுக்கிக்கொண்டு போனார். சில வாரத்தில் நீளத் தோகை முழுக்கப் போய், பின்னால் ஒன்றும் இல்லாமல், ஏதோ பெரிய நீலக் கோழி மாதிரி வந்து நின்றது. கண்ணாடியின் முன் போய்ப் பார்த்தது. ஆடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு கீரைக்குப் போனது. தலை வழுக்கை விழுந்த வருஷம் நானும் கண்ணாடி முன்னால் அப்படித்தான் நின்றேன். அன்றைக்கு மட்டும் அதை விரட்டவில்லை.

தோகை போனதும் கூட்டம் போய்விட்டது. "இது வேற எதுனா பட்சியா இருக்கும்" என்று ஒருவர் சந்தேகப்பட்டார். மதில் மேல் அரிசி வைப்பதும் குறைந்தது. மயிலுக்குப் பசி குறையவில்லை.

ஒருநாள் பத்து மணி வெயிலில் பக்கத்து மாடியிலிருந்து பெரிய அலறல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். மசாலாப்பொடிக்காக அந்த அம்மா மொட்டை மாடி முழுக்க மிளகாய் காயப் போட்டிருந்தார். மயில் அதற்கு நடுவில் நின்று, விதை தெறிக்கத் தெறிக்கச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் கொத்தமல்லி விதை விரித்திருந்த புடவையில் நடந்துபோய், ஒரு மயில் வழக்கமாகச் செய்கிற இன்னொரு காரியத்தையும் அதன்மேல் செய்துவைத்திருந்தது.

முட்டி வலியெல்லாம் எங்கே போனதோ, அந்த அம்மா துடைப்பத்தோடு மாடியைச் சுற்றி ஓடினார். "போ! போ! கலீஜு புட்ச்ச சனியனே! போனி பண்ற நேரத்துல வந்து வாய வெக்கிது பாரு!"

நான் என் பக்கத்திலிருந்து கூப்பிட்டேன். "எம்மா, சாமி வாகனம்மா! துன்னட்டும் வுடு! குட்த்து வெச்ச மாடி!"

அவர் நின்று, இடுப்பில் கை வைத்து, மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தார். "சாமி வாகனமா? இத்தப் பாத்தா வாகனம் மாரியா கீது? அது வேற மயிலு. இது..." என்று ஆரம்பித்து, மயில் என்ற சொல்லின் கடைசி எழுத்தை மட்டும் மாற்றி ஒரு சொல் சொன்னார். வடசென்னையில் பிறந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. சொன்ன வேகத்தில் துடைப்பத்தை வீசினார். மயில் சாவகாசமாகப் பறந்து என் மதிலில் இறங்கியது. துடைப்பம் என் தோட்டத்தில் விழுந்தது.

அவரும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டார், ஒரு பாதுகாப்புக்கு.

அன்று சாயங்காலம் நானும் மனைவியும் பக்கத்து வீட்டு அம்மாவும் எங்கள் பின்பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தபடி, சண்டையை விட்டுவிட்டு யோசனை செய்தோம். மயில் தொடாதது ஏதாவது உண்டா? யோசனை சொன்னது என் மனைவி. "எங்க அண்ணன் புள்ளைங்களுக்குப் பாவக்காயப் போட்டா தட்ட அப்டியே வெச்சிட்டு எய்ந்து பூடும். அத்தப் போட்டுப் பாருங்களேன்."

போட்டேன். அந்த மீன்வலையிலேயே பந்தல் கட்டினோம். இந்தமுறை அவள்தான் கட்டினாள், நான் தொடவில்லை. கொடி ஏறியது, காய் தொங்கியது. மயில் வந்து ஒரு காயைக் கொத்தியது. தலையை உதறியது. அலகை மண்ணில் இரண்டு பக்கமும் துடைத்தது. என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை நாள் பழகியும் இப்படிச் செய்துவிட்டாயே என்று இருந்தது. பிறகு மதிலேறி வேலிகாத்தானுக்குள் போய்விட்டது. இன்றும் காட்டிலிருந்து அதன் சத்தம் கேட்கும், எப்போதாவது மதில் வரைக்கும் வரும், பந்தலைப் பார்க்கும், திரும்பிவிடும்.

அதனால் தோட்டம் எனக்கு வந்தது. அதில் பாகற்காயைத் தவிர வேறொன்றும் இல்லை. என் மனைவி வறுவல் செய்தாள், புளிக்குழம்பு வைத்தாள், வெல்லம் போட்டுப் பார்த்தாள், நெத்திலியோடு சேர்த்துப் பார்த்தாள். காய்ப்பு நிற்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மதில் மேல் வைத்தேன். முதல் வாரம் வாங்கிக்கொண்டார். இரண்டாம் வாரம் அவருக்கு விரதம். மூன்றாம் வாரம் நான் மதில் பக்கம் வருவது தெரிந்தால் மிக்ஸியைப் போட்டுவிடுகிறார்.

பாய்க்கு ஏற்கெனவே இரண்டு முறை கொடுத்திருந்தேன். போன ஞாயிறு மறுபடி ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டை போனேன். பாய் கடை திறந்திருந்தது, பாயைக் காணோம். நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. போன் அடித்தேன். கடைக்குள்ளேயே, பீரோக்களுக்கு நடுவில் எங்கேயோ மணி அடித்தது.

"தோஸ்து" என்று ஒரு பீரோவுக்குள்ளிருந்து குரல் வந்தது. "பை காலியா வந்துகீறியா, ரொப்பிகினு வந்துகீறியா? அத்தச் சொல்லு மொதல்ல."